நின்று நின்று போகும் புல்வெட்டி: கடற்கரையோரத்தில் புதிதாக வைத்திருப்பவர்களுக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரையோரத்தில் புல் என்பது வாடைக்காலத்தின் விளைச்சல். ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்ததும் தேவிபட்டினத்திலிருந்து மண்டபம், பாம்பன் வரையிலும், அந்தப் பக்கம் ஏர்வாடி, வாலிநோக்கம் வரையிலும் வீட்டு முற்றங்களும் விடுதித் தோட்டங்களும் பள்ளி மைதானங்களும் ஒரே வாரத்தில் பச்சை பிடித்துவிடுகின்றன. மாசியில் கொட்டகை மூலையில் நிறுத்திய பெட்ரோல் புல்வெட்டியை அப்போதுதான் வெளியே இழுக்கிறோம். நாலைந்து முறை கயிற்றைச் சுண்டியதும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, இரண்டு நிமிடம் ஓடுகிறது, நின்றுவிடுகிறது. மறுபடி சுண்டினால் மறுபடி ஓடி மறுபடி நிற்கிறது. புதிதாக வாங்கியவர்களில் பலர் இந்த இடத்தில் நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அது கடைசிக்கு முந்தைய வேலை. முதல் வேலை அன்று.

நான் பாம்பன் தீவில் ஒரு விடுதியின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட முதல் வருடம் இதே தவற்றைச் செய்தேன். எஞ்சின் நின்று நின்று போனதும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். புதிய கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஓடியது. பிறகு பழைய கதைதான். பக்கத்தில் வல்லம் என்னும் மீன்பிடிப் படகு வைத்திருந்த பெரியவர் ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர், “தம்பி, மெஷினைக் குத்தம் சொல்றீங்க, கேனைப் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். கேனின் அடியில் இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர் நின்றது. கடலுக்கு எஞ்சின் கொண்டு போகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது எரிபொருள்தான். கரையில் இருக்கிற நமக்குத்தான் அது கடைசியில் தோன்றுகிறது.

இந்தக் கட்டுரை, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கும் சாதாரணப் புல்வெட்டியைப் பற்றியது. அதில் இருப்பது ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். தென்னந்தோப்புகளில் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் கருவி இரண்டு ஸ்ட்ரோக்காக இருக்கலாம். அதற்குரிய வேறுபாட்டைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கழற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியது

ஒரு பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்குச் சரியான அளவில் பெட்ரோல், சரியான அளவில் காற்று, சரியான நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் போதிய அழுத்தம் ஆகிய நான்கும் வேண்டும். எஞ்சின் கிளம்பி இரண்டு நிமிடமாவது ஓடுகிறது என்றால் அழுத்தம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று கொள்ளலாம். மற்ற மூன்றில் ஏதோ ஒன்றுதான் நடுவழியில் அறுந்துபோகிறது. எது அறுந்தது என்பதை, எஞ்சின் நிற்கும் விதமே சொல்லிவிடும். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மூன்று முறை ஓடவிட்டு, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, எப்படி நிற்கிறது, நின்ற பின் எவ்வளவு நேரத்தில் மறுபடி கிளம்புகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். இருமி, திணறி, வேகம் ஏறி இறங்கி, மெல்ல அடங்கினால் பெட்ரோல் போதாமல் நிற்கிறது என்று பொருள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் போட்டிருக்கும்வரை ஓடி, சோக்கை எடுத்த சில நொடிகளில் அடங்கினால் கார்புரேட்டரின் சிறு துளை ஒன்று அடைபட்டிருக்கிறது, அல்லது எங்கோ கூடுதல் காற்று உள்ளே நுழைகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு திணறி நின்று, தொட்டி மூடியைத் திறந்து மூடியதும் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பினால், குற்றவாளி அந்த மூடிதான். சூடேறியதும் சட்டென்று நின்று, அரை மணி நேரம் ஆறவிட்டால் மட்டும் கிளம்புமானால் தீப்பொறி தரும் காயிலைப் பார்க்க வேண்டும். வெறுந்தரையில் நன்றாக ஓடி, அடர்ந்த புல்லில் மட்டும் நின்றால் பிளேடையும் காற்று ஃபில்டரையும் பார்க்க வேண்டும். சரிவில் மட்டும் நின்றால் ஆயில் அளவு குறைந்திருக்கலாம். ஆயில் குறைந்தால் தானே எஞ்சினை அணைத்துக்கொள்ளும் உணரி சில எஞ்சின்களில் இருக்கிறது.

நின்ற உடனே, சிலிண்டருக்குள் தீப்பொறி விடும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வந்தது, பொறிதான் வரவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து மூழ்கடித்துவிட்டது. எஞ்சின் சூடாக இருக்கும், ஆகவே கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் இதில் எதையும் விட்டுவிடக் கூடாது. பிளேடின் பக்கம் கை போவதற்கு முன் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, அது தானாகத் திரும்பிப் பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். பிளேடைக் கையால் சுற்றினாலே எஞ்சின் ஒரு கணம் கிளம்பிவிடக்கூடும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது, ஏனெனில் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. பெட்ரோலைக் குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்து வைப்பது நம் வீடுகளில் சகஜமாக நடக்கிறது. அதைக் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்தை நினைத்தாவது விட்டுவிடுங்கள்.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை. பிளக் ஸ்பேனர், 10 எண் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், குறடு, பழைய பல் துலக்கும் பிரஷ், மின்வயரிலிருந்து உருவிய மெல்லிய செம்புக் கம்பி இழை, ஒரு கண்ணாடிப் பாட்டில், சுத்தமான பருத்தித் துணி, கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே ஒன்று ஆகியவை போதும்.

முதலில் பெட்ரோல்

இந்தக் கரையில் நின்று நின்று போகும் புல்வெட்டிகளில் நான் கண்டவற்றுள் பெரும்பாலானவை பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றியதும் பாதியளவாவது குணமடைந்திருக்கின்றன. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

இன்று நிலையத்தில் கிடைக்கும் பெட்ரோல் வெறும் பெட்ரோல் அன்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நாட்டில் விற்பனைக்கு வந்தது. 2025-இல் அதுவே பொதுவான பெட்ரோலாகிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. உறிஞ்சிய ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் தொட்டியின் அடியில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் உள்ளே போவது அந்த அடுக்குதான். பகலெல்லாம் வெயிலும் இரவெல்லாம் கடலின் ஈரக்காற்றுமாக இருக்கிற நம் ஊரில், பாதி நிரம்பிய தொட்டிக்குள் ஒவ்வோர் இரவும் உப்பு ஈரம் மூச்சு விடுவதுபோல் போய்வந்துகொண்டிருக்கிறது. சிறு எஞ்சின்களுக்கு ஹோண்டா, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போன்ற நிறுவனங்கள் தந்திருக்கும் கையேடுகளில் பல, எத்தனால் 10 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்று சொல்பவை. பழைய புல்வெட்டி வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டில் அந்த வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது. இருபது விழுக்காடு கலந்ததை ஊற்றுவதைத் தவிர வழியில்லை என்றால், அதைத் தொட்டியில் தங்கவிடாமல் இருப்பதே நாம் செய்யக்கூடியது.

சோதனை எளிது. தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்தில் அசையாமல் அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தாலோ, கலங்கலாக இருந்தாலோ, உருண்டை உருண்டையாக நீர் ஓடினாலோ தண்ணீர் இருக்கிறது. நிறம் தேநீர்போல் கறுத்து, பெட்ரோலின் கூர்மையான வாடை போய் வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் பழசாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் தொட்டியில் கிடந்த பெட்ரோலைச் சோதிக்கவே வேண்டாம்; வடித்துவிடுங்கள். வடித்ததைச் சாக்கடையிலோ மணலிலோ ஊற்றாதீர்கள். நம் வீட்டு ஊற்றுக் கிணறுகளில் பத்தடிக்குள் நல்ல தண்ணீர் இருக்கிறது. அதன் தலையில்தான் அது போய் இறங்கும். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து ஒரு பட்டறையில் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, இந்தக் கரைக்கே உரியது. நாட்டுப்படகுகளின் வெளிப்புற எஞ்சின்களில் பல, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆகவே பல வீடுகளில் மண்ணெண்ணெய்க் கேனும் பெட்ரோல் கேனும் ஒரே நிறத்தில் ஒரே திண்ணையில் நிற்கின்றன. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் புல்வெட்டி கிளம்பத் தயங்கும், கிளம்பினால் வெண்புகை தள்ளும், பிளக் கரி பிடிக்கும், நின்றுவிடும். விரலில் ஒரு சொட்டுத் தொட்டு ஊதினால் பெட்ரோல் உடனே காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்குத் தங்கும். கேனுக்குப் பெயின்டில் பெயர் எழுதிவிடுங்கள்.

தொட்டியை வடித்த பின் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தகரத் தொட்டியாக இருந்தால் துருத்தூள் கிடக்கும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் மணல் கிடக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றும் அந்த ஒரு நிமிடத்திலேயே மணல் உள்ளே போய்விடுகிறது. சிறிது புதிய பெட்ரோல் விட்டு அலசிக் கொட்டிவிட்டு, அரை லிட்டர் மட்டும் புதிதாக ஊற்றி ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மூடி, குழாய், வடிகட்டி

தொட்டியிலிருந்து பெட்ரோல் இறங்க வேண்டுமானால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளையோ, மடிப்புக்குள் ஒரு பாதையோ இருக்கும். உப்புப் பொருக்கும் தூசியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் நின்றுவிடும். ஓலைக் கொட்டகையில் வைத்திருந்த ஒரு மூடியின் உட்பக்கத்தில் குளவி மண்ணே வைத்திருந்தது. மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்து, சமதரையில் பெட்ரோல் தளும்பாத அளவில், இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் மூடியைப் பெட்ரோலில் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்து, துளையில் காற்று போகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். தளர்ந்த மூடியோடு தொடர்ந்து வேலை செய்யக் கூடாது. சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்து, கார்புரேட்டரில் செருகியிருக்கும் பெட்ரோல் குழாயை உருவி ஒரு பாத்திரத்துக்குள் விட்டுப் பாருங்கள். பெட்ரோல் தடையின்றி ஓர் ஒழுக்காக விழ வேண்டும். முதலில் வேகமாக விழுந்து பிறகு சொட்டினால் நடுவில் உள்ள வடிகட்டி அடைபட்டிருக்கிறது. அதன் விலை குறைவு, மாற்றிவிடுவதே நல்லது. குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். வெயிலிலும் எத்தனாலிலும் இறுகிய ரப்பரில் வெடிப்பு தெரியும். உட்சுவர் உரிந்து உள்ளேயே வால்வுபோல் அடைத்துக்கொள்ளும் குழாய்களும் உண்டு. அவை வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.

காற்று ஃபில்டர்

இது ஐந்து நிமிட வேலை. ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்தி, நாலைந்து சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிசைந்து, மிகுதியைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு மாட்ட வேண்டும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. தரையில் மெல்லத் தட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒளி தெரியவில்லை என்றால் மாற்ற வேண்டும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசினால், காய்ந்ததும் அதன் கண்களில் உப்பு உறைந்து, பார்க்கச் சுத்தமாகவும் உள்ளுக்குள் அடைபட்டும் இருக்கும். எந்தப் பகுதியைக் கழுவினாலும் குடிதண்ணீர்க் குழாயில் வரும் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

ஃபில்டரில் ஆயில் நனைந்திருந்தால் இயந்திரத்தைத் தவறான பக்கம் சாய்த்திருக்கிறீர்கள். பிளேடைப் பார்க்கச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் காற்று ஃபில்டரும் இருக்கும் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எஞ்சின் ஆயில் ஃபில்டருக்குள்ளும் கார்புரேட்டருக்குள்ளும் இறங்கிவிடும். அதன் பிறகு இல்லாத கோளாறுகளையெல்லாம் தேடிக்கொண்டிருப்போம்.

பிளக்

கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள மணலை ஊதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மணல் சிலிண்டருக்குள் விழும். முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிவது சரியாக இருக்கிறது. உலர்ந்த கரிபோல் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று குறைவு. ஈரமான எண்ணெய்க் கறுப்பாக இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளி பெரும்பாலான புல்வெட்டி எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. மாட்டும்போது விரலாலேயே கடைசிவரை திருகி, பிறகுதான் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். அலுமினிய மறையில் பிளக்கைக் கோணலாக ஏற்றிவிட்டால் அதன் செலவு எஞ்சினின் தலையிலேயே விழும்.

பிளக் தொப்பியின் உட்புறத்தையும் பாருங்கள். மண்டபத்தில், காற்றினால் உலோகங்கள் அரிபடுவதை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்பதை நினைத்தால், நம் காற்று எவ்வளவு கொடியது என்பது விளங்கும். அந்தக் காற்றில் தொப்பிக்குள் இருக்கும் சிறு உலோகச் சுருளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். தொடர்பு விட்டுவிட்டு வரும். எஞ்சின் சட்டென்று நின்று சட்டென்று கிளம்பும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தாலே இது சரியாகிவிடுகிறது.

கைப்பிடி லீவரும் பிளேடும்

தள்ளும்போது அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய லீவரை விட்டால் எஞ்சின் நின்றுவிடும். அது பாதுகாப்புக்காக அமைத்தது. அதன் கேபிள் துருப்பிடித்து இறுகினாலோ, தளர்ந்து தொய்ந்தாலோ, நாம் முழுவதும் அழுத்தியிருந்தும் எஞ்சினின் பக்கத்தில் பிரேக் பாதி பிடித்தபடியே இருக்கும், அல்லது பொறியை நிறுத்தும் தகடு மேடுபள்ளத்தில் அதிரும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு விலகும். புதியவர்கள் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருக்கும் பல நேரங்களில் கோளாறு இங்கேதான் இருக்கிறது. ஒருவர் லீவரை அழுத்த, இன்னொருவர் எஞ்சின் பக்கம் கேபிளின் முனை எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும். எரிச்சலில் லீவரைக் கயிற்றால் கட்டிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் விரல் போன பிறகு அவிழ்ப்பதைவிட இப்போதே அவிழ்த்துவிடலாம்.

பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சரியான பக்கம் சாய்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். மழைக்காலத்து ஈரப்புல் கூழாகி ஒட்டி, பிளேடு சுழல இடமில்லாமல் எஞ்சினைத் திணறடிக்கும். மரக்கட்டையால் சுரண்டி எடுத்துவிட்டு, அடுத்த முறை பனி உலர்ந்த பின் வெட்டுங்கள். முழங்கால் உயரப் புல்லை ஒரே வெட்டில் தரைமட்டம் ஆக்க முயன்றால் எந்த எஞ்சினும் நிற்கும். முதல் முறை உயர்த்தி வைத்தும் இரண்டாம் முறை தாழ்த்தியும் வெட்ட வேண்டும்.

நம் தரையில் இன்னொரு எதிரி உண்டு. சீமைக்கருவேலத்தை வெட்டி எடுத்த இடங்களில் அடிக்கட்டை மண்ணோடு மண்ணாக நிற்கும். பழைய சுவர்கள் இடிந்த இடங்களில் பவளக்கல் துண்டுகள் புல்லுக்குள் கிடக்கும். ஓடும் பிளேடு அதில் மோதி எஞ்சின் அடித்து நின்ற பிறகுதான் கோளாறு தொடங்கியது என்றால், மேலே உள்ள கனமான சக்கரத்தை எஞ்சின் தண்டோடு பூட்டியிருக்கும் சிறு சாவி நசுங்கியிருக்கலாம். அது நசுங்கியதும் பொறி தவறான நேரத்தில் விழுகிறது: கயிறு கையைத் திருப்பி இழுக்கும், பின்னால் வெடிக்கும், ஓடினாலும் நின்றுவிடும். பிளேடோ தண்டோ வளைந்திருந்தால் இயந்திரம் அதிரும். சாவியின் விலை மிகக் குறைவு. ஆனால் சக்கரத்தைக் கழற்றத் தனி இழுப்பான் வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றாமல் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கார்புரேட்டர்

இதுவரை சொன்னவற்றையெல்லாம் பார்த்த பிறகும் எஞ்சின் திணறி நிற்கிறது, சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் இப்போது கார்புரேட்டருக்கு வரலாம். முழுவதையும் கழற்றுவதற்கு முன், அடியில் தொங்கும் கிண்ணத்தை மட்டும் எடுங்கள். பெட்ரோல் வழியை அடைத்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் உள்ள போல்ட்டை, பெரும்பாலும் 10 எண் ஸ்பேனரால், கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். கீழே ஒரு வெள்ளைத் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் வழியும் பெட்ரோலில் நீர்க்குமிழோ மணலோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கிண்ணத்தின் அடியில் வெண்பொடியாகப் பூத்திருந்தால் தண்ணீர் பல நாள் நின்று உலோகத்தைத் தின்றிருக்கிறது. பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை கொண்ட பித்தளை ஜெட்டில் பச்சை பிடித்திருந்தாலும் அதே காரணந்தான். சில கார்புரேட்டர்களில் அந்த போல்ட்டே ஜெட்டாகவும் இருக்கும். அதன் பக்கவாட்டில் உள்ள துளைகளையும் பார்க்க மறக்காதீர்கள்.

கிண்ணத்தை எடுத்ததும் ஒரு மிதவை தொங்கும். அதன் மேல் ரப்பர் முனை கொண்ட ஒரு சிறு ஊசி இருக்கும். பெட்ரோல் மட்டம் ஏறும்போது மிதவை உயர்ந்து அந்த ஊசியால் வழியை அடைக்கிறது. ஊசி ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் வராது. சரியாக அடைக்காவிட்டால் வழிந்தோடி எஞ்சினை மூழ்கடிக்கும். மிதவையை விரலால் தூக்கி இறக்கி, குழாய் வழியே பெட்ரோல் நிற்கிறதா, வருகிறதா என்று பாருங்கள். நடுவில் மேல்நோக்கிப் போகும் தூணின் அடியில் முதன்மை ஜெட் இருக்கிறது. சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரால் அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பிருந்தால் கார்புரேட்டர் ஸ்பிரேயை அடித்து, செம்பு இழையால் மெல்லத் துழாவுங்கள். தையல் ஊசியோ இரும்புக் கம்பியோ கூடாது. பித்தளைத் துளை ஒரு மயிரிழை அகன்றாலும் கலவையின் அளவு என்றென்றைக்கும் மாறிவிடும். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் துணை ஜெட் இதைவிடச் சிறியது. எஞ்சின் வேகம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடிப் பிறகு நிற்பதற்குப் பெரும்பாலும் அதன் அடைப்பே காரணம். ஸ்பிரே அடிக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தது எதிர்பாராத இன்னொரு துளையால் நேராகக் கண்ணுக்கு வரும்.

கழற்றுவதற்கு முன்னும் கழற்றும் ஒவ்வொரு நிலையிலும் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள், குறிப்பாக மெல்லிய கம்பிகளும் சிறு ஸ்பிரிங்குகளும் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்பதை. அந்த ஸ்பிரிங் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. அதை இழுத்து நீட்டினாலோ வேறு துளையில் மாட்டினாலோ எஞ்சின் அதற்கு விதித்த வேகத்தைத் தாண்டி ஓடும். கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் இடத்தில் உள்ள காகித கேஸ்கட் கிழிந்திருந்தால் அதன் வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைந்து, எவ்வளவு சுத்தம் செய்தும் சோக் இல்லாமல் ஓடவிடாது. பழையதை அப்படியே ஒட்டாமல் புதியதைப் போடுங்கள்.

சூடேறினால் மட்டும் நிற்பது

இதை உறுதி செய்யப் பொறுமை வேண்டும். எஞ்சின் சூடாகி நின்ற கணத்திலேயே பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும்; ஆறிய பிறகு பார்த்தால் காயில் நல்லபிள்ளைபோல் பொறி தரும். பிளக்கோடு தொடராக மாட்டிப் பார்க்கும் சிறு சோதனை விளக்கு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. பிளக்கைக் கழற்றி உலோகத்தில் வைத்துப் பொறி பார்ப்பதைவிட, பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் இதுவே பாதுகாப்பானது. சூட்டில் பொறி இல்லை, ஆறினால் இருக்கிறது என்று இரண்டு முறை உறுதியானால் காயிலை மாற்ற வேண்டும். அதற்கு முன், எஞ்சினை அணைக்கும் ஒற்றை வயரின் உறை உரிந்து எங்காவது உலோகத்தைத் தொடுகிறதா என்றும், சக்கரத்தின் காந்தத்தில் துரு படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய காயிலைக் காந்தத்திலிருந்து கையேட்டில் சொன்ன மயிரிழை இடைவெளியில் பொருத்த வேண்டும்.

காயிலைப் பழிப்பதற்கு முன் குளிர்விக்கும் வழியையும் பார்த்துவிடுங்கள். மேல் உறையைக் கழற்றினால் சிலிண்டரைச் சுற்றியுள்ள அலுமினியச் செதில்களுக்கு இடையில் காய்ந்த புல்லும் மணலும் உப்பும் கெட்டித்துப் போயிருக்கும். காற்று போகாமல் எஞ்சின் கொதித்தாலும் இதே அறிகுறிதான் வரும். ஆயிலும் இங்கே சேர்த்தி: சமதரையில் நிறுத்தி, அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்து, இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். கூடுதலாக ஊற்றுவது நன்மையன்று. புகைந்து பிளக்கை நனைக்கும்.

கயிற்றை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் வந்தாலோ, வால்வு இடைவெளி பார்க்க வேண்டியிருந்தாலோ, உள்ளே உலோகம் தட்டும் ஓசை கேட்டாலோ அது புதியவர் வேலையன்று. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது நீங்கள் எழுதிவைத்த தாளையும் கொடுங்கள்; எத்தனை நிமிடத்தில் எப்படி நின்றது என்று சொல்பவரிடம் தேவையற்ற உதிரிபாகத்தை விற்பது கடினம்.

தோளில் மாட்டும் கருவி இரண்டு ஸ்ட்ரோக்காக இருந்தால் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். கலவை விகிதம் கருவிக்குக் கருவி வேறுபடும் என்பதால் அதன் மேல் எழுதியுள்ளதையே பின்பற்றுங்கள். அதில் மிதவைக் கிண்ணத்துக்குப் பதில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். எத்தனாலில் அது விறைத்துப்போனால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும். தொட்டிக்குள் மிதக்கும் வடிகட்டியைக் கம்பியால் வெளியே இழுத்துப் பார்ப்பதும், சைலன்சர் வாயில் உள்ள கரி அடைந்த வலையைத் துலக்குவதும் அதற்குரிய இரண்டு முக்கிய வேலைகள்.

மாசியில் நிறுத்தும்போது

வெட்டு முடிந்து புல் காயத் தொடங்கும் மாசியில், தொட்டியை முழுவதும் வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியதும் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக நின்ற பின் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து கடைசிச் சொட்டையும் இறக்கிவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்துப் பரவவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள். அடிப்பாகத்தை உலர்வாகச் சுரண்டி, ஆயில் துணியால் துடைத்து, கேபிள்களில் சில சொட்டு விட்டு, கடலைப் பார்க்காத சுவரோரம், தரையில் படாமல் ஒரு பலகையின் மேல் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்திச் சேலை போதும். சைலன்சரின் வாயிலும் மூடியின் மேலும் ஒரு துணி கட்டிவைத்தால் குளவி வராது.

ஐப்பசியில் வெளியே எடுத்ததும் அந்தத் துணிகளை முதலில் அவிழ்த்துவிட்டு, ஆயில் அளவைப் பார்த்து, அன்று வாங்கிய பெட்ரோலில் அரை லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். முதல் சில நிமிடங்களுக்குப் பிளக் துளையில் விட்ட ஆயில் எரிந்து நீலப்புகை வரும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்த அரை லிட்டரும் நிற்காமல் ஓடித் தீர்ந்த பின் தொட்டியை அன்றைய வெட்டுக்குத் தேவையான அளவுக்கு நிரப்பிக்கொள்ளலாம்.